தோற்றவருக்கு முதல் தேநீர்

ஓய்வு பெற்ற பிறகும் மாதத்துக்கு ஒருமுறை மெல்பேர்னின் ஓரத்தில் இருக்கிற ட்ருகனினாவுக்குப் போய், நான் வேலை செய்த சாமான் களஞ்சியத்தின் தேநீர் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். அங்கே என்ன வைத்துவிட்டு வந்தாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். வீட்டில் இருந்தால் பேரப்பிள்ளைகள் பியானோ பழகுவதைக் கேட்க வேண்டும். களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் சத்தம்தான். அது எனக்குப் பழகிய சத்தம்.

போன மாதம் போனபோது சுவரில் இருந்த தொலைக்காட்சியில் வட கொரியாவின் இராணுவ அணிவகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் சிவப்புக் கம்பளத்தில் நடந்து வருகிறார். பக்கத்தில் அவருடைய மகள், பள்ளிக்கூடம் போகிற வயது. நெஞ்சு நிறையப் பதக்கம் குத்திய கிழட்டுத் தளபதிகள் அந்தப் பிள்ளைக்குக் குனிந்து வணக்கம் சொல்கிறார்கள். தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை ஆகிவிட்டது, நான்காவது இவளாக இருக்கலாம் என்று செய்தியில் சொன்னார்கள்.

பக்கத்து மேசையில் கார்த்திக் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். திருநெல்வேலிக்காரன். இப்போது அந்தக் களஞ்சியத்தின் தொழிற்சங்கப் பிரதிநிதி அவன்தான். ஒரு காலத்தில் நான் இருந்த இடம். கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"என்ன ஆன்ட்டி, செங்கொடியைப் பிடிச்சுக்கிட்டே ராஜ பரம்பரை நடத்துறாங்க? இது மன்னராட்சி இல்லாம வேற என்ன? நீங்க இத்தனை வருஷம் சங்கத்துல இருந்தவங்க, நீங்களே சொல்லுங்க."

"ஓம் எண்டு ஒரு சொல்லில சொல்லிப்போட்டுப் போகலாம் தம்பி. ஆனா அது காணாது" என்றேன். அதற்குள் அவனுடைய இடைவேளை முடிந்துவிட்டது. மிச்சத்தை எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஸ்ரெல்லா. மன்னார்க் கரையோரம் பிறந்தவள். சண்டை துரத்தியதால் மெல்பேர்ன் வந்தேன். களஞ்சியத்தில் கையில் ஸ்கேனரைக் கட்டிக்கொண்டு தட்டுத் தட்டாகச் சாமான் எடுத்து அடுக்குகிற வேலை. கழிப்பறைக்குப் போனால்கூட அந்தக் கருவி கத்தும். அந்தக் கத்தலைப் பொறுக்க முடியாமல்தான் சங்கத்தில் சேர்ந்தேன். பிறகு பிரதிநிதி ஆனேன், பிறகு முழுநேரச் சங்க ஊழியர். பயிற்சி என்று ஒன்றும் பெரிதாக இல்லை. ரேயின் பின்னால் நடந்ததுதான் பயிற்சி.

ரே எங்கள் கிளையின் செயலாளர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், இளம் வயதில் தீவிரக் கம்யூனிஸ்ட். அவரும் அவர் மகளும் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் எனக்கு அவர்கள் பேச்செல்லாம் என் தமிழிலேயே ஞாபகம் இருக்கிறது, அப்படியே எழுதிவிடுகிறேன். கூட்டத்தில் யார் பேச எழுந்தாலும், நேற்று வேலைக்கு வந்த பிள்ளையானாலும், பேசி முடிக்கும் வரை ரே எழுந்து நிற்பார். குறுக்கே ஒரு சொல் வராது. எவ்வளவு முட்டாள்தனமாகப் பேசினாலும் நிற்பார். கூடவே நிற்கிற எனக்குக் கால் வலிக்கும், அவருக்கு வலித்ததாகத் தெரியவில்லை.

தேர்தல் என்று வந்தால் அவர் வேறு மனிதர். ஒரு களஞ்சியத்துக்குப் பிரதிநிதி தெரிவு செய்வது என்ன பெரிய காரியம்? இருபது முப்பது பேர், ஒரு பெட்டி. ஆனால் அந்தப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டி, வெறும் பெட்டி என்று எல்லாருக்கும் காட்டுவார். மூடி ஒட்டிய நாடாவின் குறுக்கே இரண்டு பக்கத்து ஆட்களும் கையெழுத்து வைக்க வேண்டும். எண்ணும்போது சந்தேகமான சீட்டைத் தனியே வைத்து, இரண்டு பேரையும் கூப்பிட்டு, இவர் என்ன நினைத்துக் கீறியிருக்கிறார் என்று பொறுமையாகக் கேட்பார். முடிவை வாசிக்கும்போது தோற்றவருடைய வாக்கைத்தான் முதலில் வாசிப்பார். பிறகு தன் பழைய பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றுவார். முதல் கோப்பை தோற்றவருக்கு. வென்றவர் கைகுலுக்கக் காத்துக்கொண்டு நிற்பார், நிற்கட்டும்.

அவருடைய இந்தப் பித்து எனக்கு முதலில் கோபத்தைத்தான் தந்தது. நான் பிரதிநிதிக்கு நின்ற முதல் முறை எங்கள் தமிழ் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ராஜன் அண்ணை என்று ஒருவர், எங்களுக்கெல்லாம் மூத்தவர், யாழ்ப்பாணத்தார், சங்கத்தின் பழைய ஆள். எனக்கு எதிராகப் பெயர் கொடுத்திருந்த இரண்டு பேரையும் தனித்தனியே கண்டு பேசி, பெயரை வாபஸ் வாங்க வைத்துவிட்டார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் சபை எல்லாவற்றிலும் நாங்கள் அப்படித்தானே செய்வோம்? "ஏகமனதாகத் தெரிவு" என்று போடுவதில்தான் எங்களுக்குப் பெருமை. போட்டி வந்தால் ஏதோ சண்டை வந்த மாதிரி. அண்ணை வீட்டிலிருந்து வடையும் சுட்டுக்கொண்டு வந்திருந்தார்.

ரே வந்தார். வடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மற்ற ஆள் ஆர்?" என்று கேட்டார். மற்ற ஆள் இல்லை, எல்லாரும் ஒரே மனது என்று ராஜன் அண்ணை பல்லெல்லாம் தெரியச் சொன்னார். ரே வடையில் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றார், வேட்புமனுவை இன்னொரு கிழமை, ஏழு நாள், திறந்து வைப்பதாகச் சொல்லிவிட்டு சுவர் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் புது அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனார். எனக்கு வந்த ஆத்திரம்! இந்த மனுசனுக்கு நான் பிரதிநிதியாக வருவது பிடிக்கவில்லை, கறுத்த தோல் என்பதால்தான் என்று நினைத்தேன். அடுத்த கிழமை ஒரு வியட்நாமியப் பெண் நின்றாள். நான் வென்றேன். முதல் தேநீர் அவளுக்குப் போனது.

பிறகு ஒரு நாள் அவருடைய காரில் வேறொரு களஞ்சியத்துக்குப் போகும்போது நேராகவே கேட்டேன், ஏன் இந்தப் பிடிவாதம் என்று. அப்போதுதான் வட கொரியாக் கதை வந்தது. ரே இளைஞராக ஒரு சின்ன இடதுசாரிக் குழுவில் இருந்த காலம். அந்த நாட்டில் தந்தை உயிரோடிருக்கும்போதே மகன்தான் அடுத்தது என்று அறிவித்தார்கள். குழுவின் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, இது மன்னராட்சி இல்லையா என்று கேட்டிருக்கிறார். தலைமை தாங்கியவர் நல்ல படிப்பாளி. மகன் என்பதற்காக அவரைத் தெரிவு செய்யவில்லை தோழர், தந்தையின் சிந்தனையை அவரைப் போல் உள்வாங்கியவர் வேறு யாரும் இல்லை, கட்சி ஏகமனதாக ஏற்றது என்று விளக்கினாராம். அந்த விளக்கத்தில் பிழை பிடிக்க யாராலும் முடியவில்லை. அப்போது ரே எழுந்து கேட்ட ஒரே கேள்வி, மற்ற ஆள் ஆர் என்பதுதான். கூட்டத் தலைவர் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார். ரே தன் உறுப்பினர் அட்டையை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

எனக்கு அப்போதும் ஒரு சந்தேகம். இந்த நாட்டிலும் ராணி இருக்கிறாதானே என்றேன். இங்கிலாந்து ராணிதான் இந்த நாட்டுக்கும் ராணி, அப்போது உயிரோடு இருந்தா. நான் குடியுரிமை எடுத்த மண்டபத்தில் அவவின் படம்தான் மாட்டியிருந்தது. சட்டப்படி பார்த்தால் அவுஸ்திரேலியாதான் முடியாட்சி, வட கொரியா குடியரசு! ரே சிரித்து, ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார்.

"எங்கட ராணியால உன்ர சம்பளத்தில கை வைக்கேலாது. தான் ராணி எண்டதை அவ ஒளிக்கிறதும் இல்லை. பேரை விடு, ஸ்ரெல்லா. ஆள் வந்த வழியைப் பாக்காத. அவர் போறதுக்கு வழி இருக்கோ எண்டு பார்."

கார்த்திக், உன் கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் இதுதான். ஆனால் பதில் சொல்வது சுலபம். அதன்படி நடக்க வேண்டி வந்தபோது ரேயின் வீட்டுக்குள்ளேயே நெருப்பு வந்தது.

ரேக்கு ஒரே மகள், கேற். என்னைவிட நன்றாக இளையவள், சங்கத்தில் என்னோடு வேலை செய்தவள். அப்பாவின் பெயரால் வந்தவள் இல்லை. வேறு தொழிலில் இருந்துவிட்டு, களஞ்சியத்தில் சாமான் எடுத்து, வரிசையில் நின்று மேலே வந்தவள். அந்த ஸ்கேனர் கருவி கத்துகிற கத்தலை நிறுத்த வைத்தது அவள்தான். நிர்வாகத்தோடு மாதக்கணக்காக மல்லுக்கட்டி, கழிப்பறை நேரத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று எழுதி வாங்கினாள். அன்றைக்குப் பெண்கள் எல்லாரும் அவளைக் கட்டிப்பிடித்து அழுதோம். அவளைப் போல ஒருத்தி எங்களுக்குக் கிடைத்தது பெரிய காரியம்.

ரே ஓய்வு பெறப்போகிறார் என்றதும் எல்லாரும் ஒரே குரலில் கேற் என்றார்கள். ராஜன் அண்ணை வழக்கம்போல் ஆள் ஆளாகக் கண்டு பேசச் சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார். எதிர்த்து நிற்க ஒருவரும் இல்லை. சட்டப்படி ஒருவர்தான் நின்றால் வாக்கெடுப்பும் தேவையில்லை. ரேயின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. மகளிடம் நிற்காதே என்று சொல்லிவிட்டார். சங்க அலுவலகத்தில் தேநீர் போடுகிற குசினிக்குள் நின்று இரண்டு பேரும் சண்டை பிடித்தது எனக்குக் கேட்டது.

"உங்கட மகள் எண்டு எனக்குத் தாறது பிழையெண்டா, உங்கட மகள் எண்டு எனக்குத் தராமல் விடுறது மட்டும் சரியோ அப்பா?" என்று கேற் கேட்டாள்.

அடுத்த நாள் கேற் என் மேசைக்கு வந்தாள். சம்பளப் பேச்சுவார்த்தையில் ஒரு மேலாளர் அவளை "இளவரசி" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டானாம். அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்களாம். போட்டியில்லாமல் அந்தக் கதிரையில் உட்கார்ந்தால் எந்த மேசையிலும் தன் பேச்சு எடுபடாது என்றாள்.

"எனக்கு எதிரா நில்லுங்கோ ஸ்ரெல்லா. நாடகத்துக்கு வேண்டாம். வெல்லுறதுக்கு நில்லுங்கோ."

நான் மாட்டேன் என்றேன். எங்கள் ஆட்களுக்கு நடுவில் ஒருவருக்கு எதிராக நிற்பது என்றால் செத்த வீட்டுக்கும் போகாத பகை என்று அர்த்தம். அது அவளுக்கு விளங்கவில்லை, நானும் விளங்கப்படுத்தவில்லை. மூன்று நாள் யோசித்துவிட்டுப் பெயர் கொடுத்தேன். நான் நினைத்தபடியே நடந்தது. ராஜன் அண்ணை வாகனத் தரிப்பிடத்தில் என்னை மறித்து, "அந்தப் பிள்ளையின்ர தகப்பன் எங்களுக்குச் செய்ததுக்கு நீ காட்டுற நன்றி இதுவோ?" என்று கேட்டார். அவருக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. முடி சூட்ட வாளோடு யாரும் வர வேண்டியதில்லை. ராஜன் அண்ணை மாதிரி நன்றி மறவாத நல்ல மனுசர் நாலு பேர் வடையோடு வந்தாலே போதும்.

சரி, நிற்கிறேன் என்றால் எதற்கு நிற்கிறேன்? வாசல் வாசலாகப் போய்ப் பேசியபோதுதான் தெரிந்தது, ஏஜென்சி மூலம் வருகிற தற்காலிகத் தொழிலாளரை எங்கள் சங்கம் கண்டுகொள்ளவே இல்லை என்று. நாளைக்கு வேலை இருக்கிறதா என்று இன்றைக்கு இரவு வருகிற குறுஞ்செய்தியைப் பார்த்துத்தான் அவர்களுக்குத் தெரியும். எங்கள் தமிழ்ப் பிள்ளைகள், பஞ்சாபிப் பிள்ளைகள், எல்லாம் அதில்தான். நான் அதைப் பேசத் தொடங்கினேன். பேசப் பேச எனக்கு உண்மையிலேயே வெல்ல வேண்டும் போல் இருந்தது. கேற்றுக்காக நிற்கப் போனவள் எனக்காக நின்றேன்.

செயலாளர் தேர்தலை நாங்கள் நடத்துவதில்லை. அரசாங்கத் தேர்தல் அலுவலகம்தான் தபால் வாக்காக நடத்தும். எண்ணுகிற அன்று ரே அறைக்குள் வரவில்லை. தகப்பன் உள்ளே நின்றால் சரியில்லை என்று வெளியே காரிலேயே இருந்தார். நான் கொஞ்ச வித்தியாசத்தில் தோற்றேன். நாற்பது ஐம்பது சீட்டு இந்தப் பக்கம் விழுந்திருந்தால் நான். எனக்கு அழுகை வந்துவிட்டது. போட்டிக்கு ஆள் தேடியதற்காக நின்றவள் தோற்றதற்கு ஏன் அழ வேண்டும் என்று கேட்காதீர்கள். நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முடிவு கேட்டு ரே பிளாஸ்க்கோடு உள்ளே வந்தார். மகள் வாசலுக்குப் பக்கத்தில் நின்றாள், மகளைத் தாண்டி நேரே என்னிடம் வந்து முதல் கோப்பையைத் தந்தார். அந்த மேலாளர் அதற்குப் பிறகு இளவரசி என்று சொல்லவில்லை என்று கேற் பிறகு சொன்னாள். அவள் சங்கத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வேறு ஆளுக்கு வாக்குப் போட்டும் வென்றவள் என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது.

கேற் நன்றாகத்தான் நடத்தினாள். சம்பளம் கூடியது, வெயில் காலத்தில் களஞ்சியத்துக்குள் மின்விசிறி வந்தது. ஆனால் ஏஜென்சிப் பிள்ளைகளின் கதை அப்படியே இருந்தது. முதலில் நிரந்தர ஆட்களின் பலத்தைக் கட்ட வேண்டும், மற்றது பிறகு என்பது அவள் கொள்கை. அதில் நியாயமும் இருந்தது. எனக்கு அது போதவில்லை. அடுத்த தவணைத் தேர்தல் வந்தபோது நான் மறுபடி பெயர் கொடுத்தேன். இந்த முறை அவள் என்னைக் கேட்கவில்லை. அவளுக்குச் செய்தி போன அன்று என் மேசையைத் தாண்டிப் போனவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நாட்கள் எனக்குப் பிடிக்காத நாட்கள். ஒரே அலுவலகத்தில் முகம் பாராமல் வேலை செய்தோம். ஒரு முறை ரேக்கு ஃபோன் எடுத்து, நான் செய்வது பிழையோ என்று கேட்டேன். ஒரு பக்கத்துக்கும் ஆலோசனை சொல்லமாட்டேன், மகளுக்கும் சொல்லவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த வீட்டில் இரவுச் சாப்பாட்டு மேசை எப்படி இருந்திருக்கும் என்று இப்போதும் நினைப்பேன். அவருக்கு இருந்தது ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு அந்த வேலைதான் உயிர்.

எண்ணுகிற அன்றும் ரே காரில்தான் இருந்தார். அப்போது கையில் ஊன்றுகோல் வந்திருந்தது. உள்ளே தேர்தல் அலுவலர் சந்தேகச் சீட்டுகளைத் தனியே வைத்து இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுக் காட்டினார், ரே செய்வது போலவே. கேற் ஒவ்வொரு சீட்டையும் பார்த்தாள். எனக்குச் சேர வேண்டிய ஒன்றை அலுவலர் செல்லாது என்று வைக்கப்போனபோது, இல்லை, இது ஸ்ரெல்லாவுக்குத்தான் போட்டிருக்கிறார்கள் என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்த பிறகு கொடுத்தாள். எத்தனையோ பேரோடு வேலை செய்திருக்கிறேன்; அந்த ஒரு கைக்கு ஈடாக எதையும் பார்க்கவில்லை.

நான் வென்றேன். அறையில் யாரும் கைதட்டவில்லை. கேற் சுவரோடு நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும், ரே ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி உள்ளே வந்தார். என்னைத் தாண்டிப் போனார். பிளாஸ்க்கின் மூடியைத் தானே மெல்லத் திறந்தார். யாரையும் உதவிக்கு விடவில்லை. ஊற்றி, மகளுக்கு முன்னால் கோப்பையை நீட்டினார். அவருடைய கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, முகம் சிரித்துக்கொண்டிருந்தது. நான் அந்த மனுசனை அப்படி ஒரு நாளும் கண்டதில்லை.

"ராசாவின்ர பிள்ளை தோக்கிறேல்லை, கேற்" என்றார். "என்ர பிள்ளை தோத்திருக்கு."

கேற் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினாள். கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பிறகு அப்பாவின் கையிலிருந்து பிளாஸ்க்கை வாங்கி, இரண்டாவது கோப்பையைத் தானே ஊற்றி என்னிடம் நீட்டினாள்.